மறைவான மாடிஃபையர் கசியாமல் ஆட்டம் நடத்துவது எப்படி: ஜி.எம்.களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வார இறுதியில் கூடி ரோல்பிளே (பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) ஆடும் நம் பிள்ளைகளில் சிலர் இப்போது தாங்களே ஜி.எம். நாற்காலியில், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர் இடத்தில், உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். கதை சொல்வதில் யாரும் குறை வைப்பதில்லை. பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: ஒளித்து வைத்த மாடிஃபையர், அதாவது பகடை எண்ணில் செய்யும் கூட்டலோ கழித்தலோ, அரை மணி நேரத்தில் மேசை முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

உடனே பெரிய மறைப்பு அட்டையாக வாங்க ஓடுகிறார்கள். அட்டை மறைப்பது பகடையை மட்டும்தான். ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்குக்கு எட்டாத இடத்தில், காட்சி தொடங்கும் முன்பே, மாடிஃபையரை வைத்துவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

எண்களை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் இருபது முகப் பகடைக்குச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு கதை வைத்துக்கொள்வோம்: நேட்டாலின் வடக்குக் கடலோரத்தில் ஒரு கரும்புத் தோட்டம், கூலிக் கணக்கில் கை வைத்த ஒரு சர்தார் (தோட்ட மேற்பார்வையாளர்), ஆலை அலுவலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் கணக்குப் புத்தகம். அதை எடுக்க வந்தவர்களில் ஒருத்தியின் கையில், யாரோ கிழவி கட்டிவிட்ட தாயத்து. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

1. எதை மறைப்பது என்று முதலில் பிரியுங்கள்

கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததை ஆட்டக்காரரிடம் மறைக்கக் கூடாது. இருட்டாக இருக்கிறது, மழை கொட்டுகிறது, கை வழுக்குகிறது என்றால் அவள் கண்ணுக்கே தெரியும். அதற்கான கழித்தலை வாய்விட்டுச் சொல்லுங்கள். புதியவர்கள் மழைக்கான கழித்தலைக்கூட ரகசியமாக வைத்துக்கொண்டு, பிறகு ஆட்டக்காரர் கோபப்படும்போது முழிக்கிறார்கள்.

கதாபாத்திரத்துக்குத் தெரியாததை மறைக்கலாம். சர்தார் பொய் சொல்லியே பழகிய ஆள், பூட்டின் உட்பகுதி போன வாரம்தான் மாற்றப்பட்டது, தாயத்து இரவில் கையை நடுங்க வைக்கிறது. இந்த மூன்றும் நியாயமான ரகசியங்கள்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. பகடை விழுந்த பிறகு கதைக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணை மாற்றுவது. அது மறைவான மாடிஃபையர் ஆகாது, முடிவையே மாற்றுவது. இந்த வழிகாட்டியில் அதற்கு இடமில்லை. இரண்டையும் கலக்கிற ஜி.எம். மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அவர் நேர்மையாக வைத்த ரகசியத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

2. ரகசியம் உண்டு என்பதை முன்பே சொல்லுங்கள்

தொடர் ஆட்டம் தொடங்கும் முதல் நாளிலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: சில மாடிஃபையர்கள் மறைவாக இருக்கும், எல்லாவற்றையும் காட்சிக்கு முன் எழுதி வைத்திருப்பேன், அந்தச் சீட்டைப் பிறகு காட்டுவேன்.

இது ரகசியத்தைக் கெடுக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடுக்காது. எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கலாம் என்று தெரிந்தவர், இப்போது இருக்கிறதா என்று ஒவ்வொரு உருட்டலிலும் துருவிக்கொண்டிருக்க மாட்டார். முன்பே சொல்லாமல் மறைத்து, அது வெளியே வந்தால், ஏமாற்றிவிட்டீர்கள் என்றுதான் தோன்றும்.

3. கையில் இருக்க வேண்டியவை

மறைப்பு அட்டை வேண்டும், தடித்த ஃபைல் இரண்டு நிறுத்தினாலே போதும். எல்லாக் கதாபாத்திரங்களின் எண்களும் உள்ள ஒரு தாள் வேண்டும். இதுதான் மிக முக்கியம். “உனக்குப் பூட்டுத் திறக்க எவ்வளவு பிளஸ்?” என்று கேட்ட அந்த நொடியே ஏதோ நடக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். தாள் கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். யாராவது லெவல் ஏறும்போது தாளைத் திருத்த மறக்காதீர்கள்.

சின்ன சீட்டுகளும் ஓர் உறையும் வேண்டும். காட்சிக்கு ஒரு சீட்டு. அதில் காரணம், எண், எப்போது முடியும் என்ற மூன்று வரி. எழுதி உறையில் போட்டு மேசைமேல் எல்லோரும் பார்க்க வையுங்கள். எழுதியது எழுதியதுதான் என்று உங்களைக் கட்டிப்போடுவது அந்த உறை. மடியில் வைத்த நோட்டுக்கு அந்த மதிப்பு கிடையாது.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். நம் வீட்டு முன்னறைகளில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு முதுகைக் காட்டி ஜி.எம். உட்கார்ந்தால், எதிரே இருப்பவருக்கு அந்தக் கண்ணாடியில் மறைப்பு அட்டையின் உள்பக்கம் முழுக்கத் தெரியும். மின்சாரம் போன நேரத்தில் இது இன்னும் மோசம்: அறை இருட்டு, பேட்டரி விளக்கு அட்டைக்குள்ளே, வெளிச்சம் பட்ட பகடை மட்டும் கண்ணாடியில் பளிச்சென்று நிற்கும். வெறும் சுவருக்கு முதுகு கொடுங்கள், விளக்கை மேசை நடுவில் வையுங்கள். அப்புறம் ஆட்டக்காரர் நாற்காலியில் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

4. மாடிஃபையரை இலக்கு எண்ணில் வையுங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் பாருங்கள்.

ஆட்டக்காரருக்குப் பகடை முகம் தெரியும், தன் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் எண்கள் உள்ள தாளில்) உள்ள பிளஸ் தெரியும். தெரியாதது இலக்கு எண், அதாவது வெற்றி பெற மொத்தம் எட்ட வேண்டிய எண், ஒன்றுதான். பூட்டின் இலக்கு 15, மாற்றிய உட்பகுதிக்காக மைனஸ் 2 என்று வைத்துக்கொள்வோம். அவர் மொத்தம் 16 என்கிறார். நீங்கள் அதில் இரண்டைக் கழித்து 14, தோல்வி என்று முடிவுசெய்கிறீர்கள். அதற்குப் பதில் இலக்கையே 17 என்று எழுதிவிட்டால் விடை அதேதான், ஆனால் கழிக்க எதுவுமே இல்லை. ஆட்டக்காரர் எத்தனை முறை முயன்றாலும் அதிகபட்சம் 17 என்ற எண்ணைத்தான் கண்டுபிடிப்பார். “சரி, கஷ்டமான பூட்டு” என்று முடித்துக்கொள்வார். அந்த 17இல் எவ்வளவு பூட்டு, எவ்வளவு ரகசியம் என்று பிரிக்க அவரிடம் வழியே இல்லை.

இது இரண்டு சூழ்நிலையில் உடைகிறது.

முதலாவது, நடுவில் மாற்றுவது. சண்டையில் மொத்தம் 14 தவறியது, 16 பட்டது. அப்படியானால் எதிரியின் கவச எண் (அடி பட எட்ட வேண்டிய இலக்கு) 15 அல்லது 16 என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் எழுதியே வைத்திருப்பார். அடுத்த சுற்றில் 17 தவறினால் எண் மாறிவிட்டது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். அதனால் காட்சி தொடங்கும்போதே எண்ணை நிலைநிறுத்துங்கள். நடுவில் மாறியே ஆக வேண்டும் என்றால் கதைக்குள் ஓர் அடையாளம் கொடுங்கள்: சர்தார் மூட்டைகளுக்குப் பின்னால் நகர்கிறார், விளக்கு அணைகிறது. எவ்வளவு என்று சொல்ல வேண்டாம், ஏதோ மாறியது என்று காட்டினால் போதும்.

இரண்டாவது, ஒரே இலக்கை இரண்டு பேர் முயல்வது. தாயத்து ஒருத்தியை மட்டும்தான் பாதிக்கிறது. அவள் 18இல் தோற்று, அடுத்தவர் 17இல் அதே பூட்டைத் திறந்தால், பழி நேரே தாயத்தின் மேல் விழும். ஒரு ஆளுக்கு மட்டும் உரிய மாடிஃபையர் இருந்தால், அந்தக் காட்சியில் ஒரே வேலையை இருவர் அடுத்தடுத்துச் செய்யாதபடி அமையுங்கள். முதல் முயற்சி தோற்றதும் நிலைமை மாறட்டும்: கம்பி உள்ளே உடைந்துவிட்டது, இனிப் பூட்டைத் திறக்க முடியாது, கதவைத்தான் பெயர்க்க வேண்டும். வேலை வேறு, இலக்கும் வேறு, ஒப்பிட எதுவும் இல்லை.

சண்டைதான் ரகசியத்துக்கு மிக மோசமான இடம். ஒரே எண்ணுக்கு எதிராகப் பலர் பலமுறை உருட்டுகிறார்கள். தனியாள் மாடிஃபையரைத் தாக்குதல் உருட்டலில் வைக்கவே வைக்காதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் சேதத்தில், அதாவது அடி பட்ட எதிரி இழக்கும் உயிர்ப்புள்ளிகளில், வையுங்கள். எதிரிக்கு மொத்தம் எத்தனை உயிர்ப்புள்ளி என்று யாருக்கும் தெரியாது. தாயத்து கட்டியவளின் ஒவ்வோர் அடியிலும் ஒன்றைக் குறைத்து எழுதினால் அது வெளியே தெரிய வாய்ப்பு மிகக் குறைவு.

5. அளவைப் பகடைக்கு ஏற்ப வையுங்கள்

இருபது முகப் பகடையில் ஒவ்வொரு 1உம் 5 சதவீதம். முகத்தில் 12 அல்லது மேல் விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 45 சதவீதம். மைனஸ் 2 வைத்தால் 35. ஒரு மாலையில் விழும் சில உருட்டல்களை வைத்து இந்த வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது. மைனஸ் 5 வைத்தால் 20க்கு இறங்கிவிடும், அது உறைக்கும். 2 வரைக்கும் தாராளமாக வைக்கலாம், 5 என்றால் காரணம் அந்தக் காட்சிக்குள்ளேயே வெளிவரப்போகிறது என்றால் மட்டும்.

இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டும் ஆட்டங்களில் கை இன்னும் இறுக்கமாக இருக்கட்டும். 8 அல்லது மேல் விழ 42 சதவீதம், 9 அல்லது மேல் என்றால் 28தான். ஒரே ஒரு புள்ளிக்கு இவ்வளவு சரிவு. இருபது முகத்தில் பழகியவர்கள் அதே மைனஸ் 2ஐ இங்கே கொண்டுவந்து ஆட்டத்தையே கெடுக்கிறார்கள்.

20 விழும்போது என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். 5ஆம் பதிப்பில் தாக்குதலில் முகம் 20 விழுந்தால் எப்போதும் படும். 2014 விதிப்படி மற்றத் திறன் சோதனைகளில் அப்படித் தானாக வெற்றி கிடையாது. ஆனால் மேசையில் 20 விழுந்தால் எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். அந்த நேரம் “தோல்வி” என்று சொன்னால் ரகசியம் முடிந்தது. மறைவான எண்ணைச் சேர்த்தால் 20கூடப் போதாது என்று வருகிறதா? எண்ணைக் குறையுங்கள், அல்லது உருட்டவே சொல்லாதீர்கள்.

6. யார் உருட்டுவது

எல்லாவற்றையும் ஜி.எம். உருட்டினால் பாதுகாப்புதான், ஆனால் ஆட்டக்காரர்கள் சோர்ந்துபோவார்கள். பகடையைக் கையில் குலுக்கி எறிவதில் உள்ள சந்தோஷத்துக்காகவே பாதிப் பேர் வருகிறார்கள். அதை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

வெற்றி தோல்வி கண்ணுக்குத் தெரியும் வேலை என்றால் வெளிப்படையாக அவர்களே உருட்டட்டும். பூட்டு திறந்ததா இல்லையா என்பது எப்படியும் தெரியத்தான் போகிறது.

வெற்றியா தோல்வியா என்று கதாபாத்திரத்துக்கே தெரியாத வேலைகள் வேறு: சர்தார் சொல்வது பொய்யா என்று உணர்வது, தரையில் பொறி இருக்கிறதா என்று தேடுவது, பதுங்கி நகர்வது, போட்ட வேடம் சரியாக இருக்கிறதா என்பது. இங்கே பகடையின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். 3 விழுந்து, “அவர் உண்மை பேசுவதாகத்தான் தெரிகிறது” என்று நீங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ரோல்பிளே ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு, 2019இல் வந்தபோதே, இத்தகைய சோதனைகளுக்கு ரகசியம் என்ற குறியிட்டு ஜி.எம். உருட்ட வேண்டும் என்று விதியாகவே வைத்துவிட்டது. நல்ல வழக்கம்.

நான் விரும்பும் வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காலணி அட்டைப்பெட்டியின் மேலே ஓர் ஓட்டை, உள்ளே சரிவாக ஓர் அட்டை, கீழே ஜி.எம். பக்கம் மட்டும் ஒரு வாசல். ஆட்டக்காரர் மேலே போடுகிறார், பகடை உருண்டு என் பக்கம் வந்து நிற்கிறது. எறிந்தது அவர், பார்த்தது நான் மட்டும். உள்ளே ஒரு துண்டுத் துணி விரியுங்கள், பகடை துள்ளி வெளியே வராது. பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி மிகவும் பிடிக்கும்.

முன்கூட்டியே உருட்டி எழுதி வைப்பதும் உண்டு. ஆட்டத்துக்கு முன் இருபது, இருபத்தைந்து முறை உருட்டி வரிசையாக எழுதி, தேவைப்படும்போது அடுத்த எண்ணை எடுத்து அடித்துவிடுவது. இதில் ஒரு கட்டுப்பாடு: வரிசையைத் தாண்டக் கூடாது. அடுத்த எண் 4 என்று தெரிந்து, இதைச் சின்ன விஷயத்துக்குச் செலவழித்துவிடுவோம் என்று நினைத்தால், முடிவை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கவனிக்கும் வேலைக்கு மட்டும் உருட்டலே தேவையில்லை. 5ஆம் பதிப்பில் 10உடன் கவனிப்புத் திறனைக் கூட்டினால் நிலையான எண் வந்துவிடும். ஜி.எம். தாளில் அது இருந்தால் மேசையில் ஓசையே இல்லாமல் வேலை முடியும்.

7. வெறும் உருட்டல்கள்

அட்டைக்குப் பின்னால் பகடைச் சத்தம் கேட்டாலே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு வாளை உருவுகிறார்கள். ஆகவே எதுவும் இல்லாதபோதும் அவ்வப்போது உருட்டுங்கள், தாளில் எதையோ குறியுங்கள். ஆட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்திலேயே, டீ குடிக்கும் காட்சியில்கூட, ஒன்றிரண்டு உருட்டிப் பழக்கப்படுத்துங்கள். அதிகமும் வேண்டாம், ஆட்டத்தின் ஓட்டம் கெடும்.

8. உங்கள் வாயும் முகமும்

எண்ணை நன்றாக ஒளித்துவிட்டு வாயால் கொட்டுகிறவர்களே அதிகம்.

“மயிரிழையில் தவறியது” என்று சொல்லாதீர்கள். மொத்தம் 16 சொன்னவருக்கு இலக்கு 17 என்று எழுதிக் கொடுத்த மாதிரி. “16ஆ? ம்... இல்லை” என்ற அந்த இழுப்பு இன்னும் மோசம். நீங்கள் மனதுக்குள் கழிப்பது எல்லோருக்கும் கேட்கிறது.

இதற்கு மருந்து, காட்சிக்கு முன்பே கணக்கை முடித்துவிடுவது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் பகடை முகத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று சீட்டில் எழுதுங்கள். இலக்கு 17, அவள் பிளஸ் 4, ஆகவே 13. பெட்டியிலிருந்து வந்த பகடையைப் பார்த்ததுமே விடை தெரியும், யோசிக்க எதுவும் இருக்காது. வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே வேகத்தில் பதில் சொல்லப் பழகுங்கள்.

முடிவைக் கதையாகச் சொல்லுங்கள். “சோதனையில் தோற்றாய்” என்பதற்குப் பதில், “சர்தார் வெற்றிலையை மடித்துக்கொண்டே உன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், குரலில் ஒரு பிசிறும் இல்லை.” இதிலிருந்து அவர் உத்தமரா, தேர்ந்த பொய்யரா என்று யாராலும் சொல்ல முடியாது. வெற்றி பெற்றிருந்தால் அதே காட்சியில் ஒரே ஒரு சின்ன விஷயத்தைச் சேர்ப்பேன்: வெற்றிலை மடிக்கும் விரல் நின்று நின்று போகிறது.

9. நேராகக் கேட்டால்

“அண்ணா, எனக்கு ஏதாவது மைனஸ் இருக்கா?” என்று கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். “இல்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு சீட்டைக் காட்டும்போது அந்த வார்த்தை பொய்யாக நிற்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் ஒன்றே: “ஷீட்டில் உள்ளதைக் கூட்டிச் சொல்லும்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.” இல்லாத நாளில் “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்று வாய்தவறினால், அடுத்த முறை அதைச் சொல்லாததே விடையாகிவிடும்.

கதைக்குள் தேடினால் அதற்குக் கதவைத் திறங்கள். “இந்தத் தாயத்தைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயல்கிறேன்” என்றால் அது நல்ல ஆட்டம். கழற்றியதும் மைனஸ் போகட்டும். அந்தச் சந்தேகத்துக்குப் பரிசு கிடைக்க வேண்டும், ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தண்டிக்காதீர்கள்.

10. இணையத்தில் ஆடும்போது

டர்பனில் சிலர், ஜோஹன்னஸ்பர்க்கில் சிலர் என்று பிரிந்து ஆடுபவர்களுக்கு அட்டையும் பெட்டியும் உதவாது. இங்கே திரும்பத் திரும்ப நடக்கும் பிழை ஒன்று. ரோல்20 என்ற இணைய ஆட்ட மேசையில் ஜி.எம். உருட்டல் என்று இருப்பதை ஆட்டக்காரர் பயன்படுத்தினால், விடை ஜி.எம்.முக்கும் தெரியும், உருட்டியவருக்கும் தெரியும். மறைவாக வேண்டும் என்றால் ஜி.எம். தானே அதை உருட்ட வேண்டும். ஃபவுண்ட்ரி என்ற இன்னொரு இணைய மேசையில் இரண்டு தேர்வுகள் தனித்தனியாக உண்டு: தனி ஜி.எம். உருட்டல், குருட்டு ஜி.எம். உருட்டல். உருட்டியவருக்கே விடை தெரியாமல் இருப்பது குருட்டு உருட்டலில்தான்.

இன்னொன்று, மறைவான எண்ணை உருட்டல் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். வெளிப்படையாக வந்த விடையின் மேல் கர்சரை வைத்தாலோ சொடுக்கினாலோ சூத்திரம் முழுக்க விரியும், மைனஸ் 2 அங்கே அப்படியே நிற்கும். இங்கேயும் நான்காம் படிதான் கைகொடுக்கும்: எண் இலக்கில், இலக்கு உங்கள் தாளில்.

11. சீட்டைத் திறப்பது

காரணத்தைக் கதாபாத்திரம் கண்டுபிடித்ததும் திறந்துவிடுங்கள். தாயத்தைப் பிரித்து உள்ளே உள்ள தகட்டைப் படித்தாள் என்றால், உறையை எடுத்து அவள் கையிலேயே கொடுங்கள். இனி அந்த எண்ணை அவளே கூட்டிக் கழிக்கட்டும், ஷீட்டில் எழுதிக்கொள்ளட்டும். தெரிந்துவிட்ட ஒன்றை நீங்கள் தொடர்ந்து இலக்கில் சுமந்தால் இரண்டு முறை கழித்துவிடும் ஆபத்து உண்டு, ஆகவே உங்கள் தாளில் பழைய இலக்குக்குத் திருப்பி எழுதுங்கள்.

கண்டுபிடிக்காமலே காட்சி முடிந்தால் இரண்டு வழி. இனி அந்த ரகசியத்துக்கு வேலை இல்லை என்றால் ஆட்டம் முடிந்த பிறகு பிரித்துக் காட்டுங்கள். மாற்றிய பூட்டு அப்படிப்பட்டது. தாயத்து மாதிரி தொடரும் என்றால் உறையை ஒட்டியபடியே வைத்து, மேலே தேதி போட்டு, அடுத்த வாரம் அதையே மேசைமேல் வையுங்கள்.